இரண்டு முறை மூழ்கிய ரைஃபிள்

இரும்புப் பெட்டிக்குள் பன்னிரண்டு துப்பாக்கிகளுக்குத்தான் இடம். பன்னிரண்டும் உள்ளே நின்றன. பதின்மூன்றாவதைத் தோளில் சுமந்தபடி வெர்லின் ஹாஸ்கெட் கார் ஷெட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். வாசலில் அவர் மனைவி நாடீனின் கார் திரும்பும் சத்தம் கேட்டது.

பதின்மூன்றாவதைத் துப்பாக்கி என்று சொல்லலாமா என்பதே ஒரு வழக்கு. ராணுவத்தில் டாங்கியை அடிக்கத் தோளில் வைத்து ஏவுகிற ராக்கெட் லாஞ்சர் அது. ஒரே ஒரு முறைதான் பயன்படும், அப்புறம் வெறும் கூடு. அப்படிக் காலியான ஒரு பச்சைக் குழாயைத் துல்சாவில் நடந்த துப்பாக்கிச் சந்தையில் வெர்லின் பார்த்தார், பார்த்த இடத்திலேயே மனதைப் பறிகொடுத்தார். விற்றவன் இனி இதிலிருந்து ஒரு பட்டாணிகூடப் பறக்காது என்று மூன்று தடவை சொன்னான். அது அவர் காதில் ஏறவில்லை.

வெர்லின் குழாயைத் தார்ப்பாய்க்குள் சுருட்டி, புல் வெட்டும் மெஷினுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

நாடீனின் சட்டம் எளிமையானது. பெட்டி நிறைந்துவிட்டது. இனி ஒன்று உள்ளே வர வேண்டுமானால் ஒன்று வெளியே போக வேண்டும். மீறினால் அவள் துல்சாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். நாடீன் விளையாட்டுக்குப் பேசுகிறவள் இல்லை. முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அவள் சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்ட காரியம் ஒன்றுகூட அவருக்கு நினைவில்லை. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே அவர் தயாராக இல்லை.

இத்தனைக்கும் மூன்று வருடங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு பழைய வேட்டை ரைஃபிள்தான். அதுவும் குடைகளோடு குடையாக ஒரு மூலையில் நின்றது. எல்லாவற்றையும் தொடங்கி வைத்தவன் ஒரு திருடன். வெர்லின் அப்போது எரிவாயு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் வெளியூர் போயிருந்த ஒரு பகலில் அவன் வந்து, டிவியைத் தொடாமல், வெள்ளிக் கரண்டிகளைத் தொடாமல், டிவிக்கு மேலே மாட்டியிருந்த கலைமான் தலையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். இளவயதில் கொலராடோ மலையில் வெர்லின் சுட்ட மான் அது. கூடவே, உடம்பைக் குறைக்கலாம் என்று வாங்கி ஒரே ஒரு நாள் தூக்கிய இரண்டு இரும்பு எடைகளையும் எடுத்துப் போயிருந்தான். ஷெரீப் அலுவலகத்தில் எழுதிக்கொண்டார்கள், ஆள் அகப்படவில்லை.

இருபத்தெட்டு வருடம், சனிக்கிழமை தவறாமல், அந்த மானின் மூக்குத் துவாரங்களைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் துடைத்து வந்தவள் நாடீன். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "போனது போகட்டும் வெர்லின்" என்று மட்டும் சொன்னாள். அவளுடைய மனத்திடத்தை வெர்லின் வியந்தார். வியந்த கையோடு, அடுத்த தடவை திருடன் வந்தால் வரவேற்க ஒரு பிஸ்டல் வாங்கினார். அது படுக்கையறைக்கு. சமையலறை வழியாக வந்தால்? இன்னொன்று. தோட்டம் வழியாக வந்தால் பிஸ்டல் குண்டு போய்ச் சேராதே? ஒரு ரைஃபிள். இப்படி வீட்டுக்கு எத்தனை வழி உண்டோ அத்தனையும் யோசித்து முடித்தபோது பெட்டி நிறைந்திருந்தது.

அந்த வியாழக்கிழமை நாடீன் மதியச் சாப்பாட்டுக்குக் கோழியை வறுத்து எடுத்து வைத்தாள். வெர்லின் முதல் துண்டைக் கடிக்கும்போதே பொய்யைச் சொல்லிவிட்டார். காலையில் நண்பர் ஆரினோடு ஏரிக்கு மீன் பிடிக்கப் போனதாகவும், படகு ஒரு பக்கமாகச் சாய்ந்ததாகவும், கூட எடுத்துப் போயிருந்த வேட்டை ரைஃபிள் தண்ணீருக்குள் போய்விட்டதாகவும் சொன்னார்.

இது அவர் சொந்தமாக யோசித்ததல்ல. அவர்கள் துப்பாக்கிக் கூட்டத்தில் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கிறாய் என்று யார் கேட்டாலும், ஐயோ, எல்லாம் படகு விபத்தில் போய்விட்டதே என்று சொல்லிச் சிரிப்பது நெடுநாள் வழக்கம். படகே இல்லாதவர்களும் அதைத்தான் சொல்வார்கள். நாடீன் அந்தக் கூட்டத்துக்கு வருகிறவள் இல்லை என்பதால் அவளிடம் செல்லும் என்று வெர்லின் கணக்குப் போட்டார்.

அவள் திட்டுவாள், அல்லது ரைஃபிள் போனதற்குச் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் முகம் வெளுத்துப் போனது.

"எந்தப் படகு?" என்றாள்.

"ஆரினோடதுதான். பச்சைப் படகு."

"அதைத் தண்ணியில எறக்குனீங்களா? அது மெதந்துச்சா?"

"படகுன்னா மெதக்காம என்ன பண்ணும்?"

"ஏரியில எந்த இடத்துல?"

பொய் சொல்கிறவன் ஆழமான இடத்தைத்தான் சொல்வான். வெர்லினும் அப்படியே செய்தார். "மூணாவது மிதவைக்குப் பக்கத்துல. முப்பது அடி ஆழம்."

நாடீன் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அவள் அதை எடுக்காமலேயே எழுந்து உள்ளே போனாள். ஆரினின் மனைவி மேலீனோடு அவள் போனில் வெகு நேரம் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. தன் உயிர்மேல் அவளுக்கு இவ்வளவு கரிசனமா என்று வெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. மனச்சாட்சியும் குத்தியது. ஆனாலும் மறுநாள் வேட்டை ரைஃபிளையும் தார்ப்பாய்க் குழாயையும் ஆரின் வீட்டுப் பின்கொட்டகைக்குக் கடத்தி, அங்கே மூன்று வருடமாக வெயில் பார்க்காமல் கிடந்த அதே பச்சைப் படகுக்குள் ஒளித்து வைத்தார். நாலு நாள் துக்கம் காத்துவிட்டு, ஒன்று போய்விட்டதே, ஒன்று வரட்டுமா என்று லாஞ்சரை மெதுவாக உள்ளே கொண்டுவருவது திட்டம்.

திட்டத்தைக் கெடுத்தவன் இன்னொரு நண்பன் கிளீட். ஆரின் ரைஃபிள் பைத்தியம் என்றால் கிளீட் பிஸ்டல் பைத்தியம், அதோடு வாய்க்குப் பூட்டில்லாத ஆள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து சொல்லலாம் என்று பாஸ்டர் அழைத்ததும் கிளீட் எழுந்தான். நம் வெர்லின் படகு விபத்தில் துப்பாக்கியைத் தொலைத்துவிட்டு உயிர் தப்பி வந்ததற்காகக் கர்த்தருக்கு நன்றி என்று குரல் தழுதழுக்கச் சொன்னான். பின் வரிசைகளில் துப்பாக்கிக் கூட்டத்து ஆட்கள் தோள் குலுங்கக் குனிந்துகொண்டார்கள். மற்றவர்கள் அவர்கள் அழுவதாக நினைத்துத் தாங்களும் கண்ணைத் துடைத்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் சர்ச் சமையலறையில் சாப்பாடு. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருவது வழக்கம். முப்பது கண்ணாடித் தட்டுகளும் ஒரே மாதிரி இருப்பதால், தட்டு வீடு திரும்பப் பெண்கள் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதுவார்கள். நாடீன் மட்டும் பெயர் எழுதுவதில்லை. சூரியகாந்திப் பூப் போட்ட அகலமான மஞ்சள் டேப் என்றாலே அது நாடீன் தட்டு என்று ஊருக்குத் தெரியும். அந்தத் தட்டிலிருந்து இரண்டாம் தடவை மக்ரோனி எடுத்துக்கொண்டிருந்த வெர்லினிடம் டெபுட்டி ஷெரீப் ரெனே வந்து நின்றாள். சின்ன வயது, சிரிக்காத முகம். ஷெரீப் அலுவலகத்தில் நீர்மூழ்கிக் குழுவுக்கும் அவள்தான் தலைவி.

"மிஸ்டர் ஹாஸ்கெட், துப்பாக்கி தொலைஞ்சா எழுதி வைக்கணும். செவ்வாக்கிழமை வர்றேன். படகையும் பாக்கணும்."

"படகை எதுக்குப் பாக்கணும்?"

"இந்த ஊர்ல படகு விபத்துல போன துப்பாக்கியை எல்லாம் அடுக்கினா ஏரியில தண்ணிக்கு எடம் இருக்காது. அதான், ஒரு தடவையாவது நனைஞ்ச படகைப் பாத்துரலாம்னு."

ஆரினின் படகில் சிலந்திகள் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தன. அதை நனைத்தே ஆக வேண்டும். குழாய்த் தண்ணீர் அடித்தால் போதாதா என்று வெர்லின் கேட்டார். ஏரிப் பாசி ஒட்டாத படகை அந்தப் பெண் மோந்தே கண்டுபிடித்துவிடுவாள் என்று ஆரின் சொன்னார். ஆக, திங்கட்கிழமை காலை மேலீன் கடைக்குப் போன நேரம் பார்த்து மூன்று பேரும் படகை வண்டியில் கட்டி ஏரிக்கு இழுத்துப் போனார்கள். கெடுத்தவன் என்ற முறையில் கிளீட்டும் வந்தான். எப்படியும் ஏரியைக் கடந்தால் அக்கரையில் சுடும் மைதானம் இருக்கிறது. அதனால் ஆரின் தன் ரைஃபிளையும் கிளீட் தன் பிஸ்டலையும் எடுத்துக்கொண்டார்கள். வெர்லினின் இரண்டும் ஏற்கெனவே படகில்தான் இருந்தன.

கரையை விட்டு நகர்ந்ததும் வெர்லின் தார்ப்பாயைப் பிரித்தார். நண்பர்கள் வாயடைத்துப் போவார்கள் என்று அவருக்கு ஆசை.

"யோவ், இது சாக்கடைக் குழாய்தானே" என்றான் கிளீட்.

அங்கே தொடங்கியது வாதம். கிளீட்டுக்குப் பிஸ்டல்தான் உலகம். கல்யாணத்துக்கும் இடுப்பில் வரும், கருமாதிக்கும் வரும், கோட்டை மாட்டினால் இருக்கிற இடம் தெரியாது. ஆரின் அதைக் கேட்டு ஏளனமாகச் சிரித்தார். பிஸ்டல் என்பது ரைஃபிளை எடுக்க ஓடும்போது கையில் வைத்துக்கொள்கிற சாமான் என்றார். ரைஃபிள் கண் போகிற தூரம் போகும். தன் ரைஃபிளின் குழல் துல்லியத்தையும், விசையின் மென்மையையும், குறிபார்க்கும் கண்ணாடியின் தெளிவையும் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னார். வெர்லின் லாஞ்சரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"உன் பிஸ்டலைப் பாத்தா திருடன் யோசிப்பான். ஆரின் ரைஃபிளைப் பாத்தா பயப்படுவான். இதைப் பாத்தா திருடுறதையே விட்டுட்டு வேற வேலை தேடுவான்."

"சுடாதேய்யா அது."

"திருடனுக்குத் தெரியுமா?"

"பாத்தா வீட்டுக்கு பிளம்பர் வந்திருக்கான்னு நெனைப்பான்."

வாதம் சூடு பிடித்ததில், கணுக்கால் வரை ஏறிவிட்ட தண்ணீரை ஒருவரும் கவனிக்கவில்லை. மூன்றாவது மிதவையை நெருங்கியபோது கிளீட்டின் சாப்பாட்டுப் பொட்டலம் அவன் மடியைக் கடந்து மிதந்து போனது. அப்போதுதான் மூவரும் கீழே குனிந்து பார்த்தார்கள். அடிப்பலகையில் உள்ளங்கை அகல ஓட்டை. அதிலிருந்து மஞ்சளாகப் பூப் போட்ட பட்டை ஒன்று பிரிந்து, நெளிந்து, வெர்லினின் முழங்காலை உரசிக்கொண்டு போயிற்று. உயிர் போகிற நேரத்தில் பூவை யார் பார்க்கிறார்கள்?

"அள்ளி ஊத்துய்யா" என்று ஆரின் அதட்டினார். கையில் வேறு பாத்திரம் இல்லாததால் வெர்லின் லாஞ்சரால் அள்ளினார். ஒரு முனையில் புகுந்த தண்ணீர் மறுமுனை வழியாகக் கிளீட்டின் முகத்தில் கொட்டியது. இரு பக்கமும் திறந்த குழாய்க்கு அதற்குமேல் செய்யத் தெரியாது. அடுத்த நிமிடம் படகு, இரண்டு ரைஃபிள், ஒரு பிஸ்டல், ஒரு லாஞ்சர் எல்லாம் முப்பது அடிக்குக் கீழே போயின. மிதவை உடுப்பு போட்டிருந்ததால் மூவர் மட்டும் மேலே நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை டெபுட்டி ரெனே நோட்டுப் புத்தகத்தோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். நாடீன் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவருகே நின்றாள்.

"படகு எங்க?"

"மூழ்கிருச்சு" என்றார் வெர்லின்.

"வியாழக்கிழமையா?"

"இல்ல. நேத்து."

"ரைஃபிள் வியாழக்கிழமைதானே மூழ்குச்சு?"

"அதுவும் நேத்துதான்."

"அப்ப வியாழக்கிழமை மூழ்கினது?"

"அது பொய்."

"நேத்து மூழ்கினது?"

"அது நெசம். கூடவே ஆரினோட ரைஃபிள், கிளீட் பிஸ்டல், அப்புறம்..." நாடீன் இருந்த பக்கம் பார்க்காமல் சொன்னார், "என்னோட ராக்கெட் லாஞ்சர்."

ரெனே பேனாவை மூடிப் பையில் வைத்தாள். ஒரே ரைஃபிள் ஒரே இடத்தில் இரண்டு தடவை மூழ்கியதாகத் தன்னால் எழுத முடியாது என்றாள். நேற்றைய கதையும் வியாழக்கிழமைக் கதை மாதிரிதான் இருக்கிறது, கொஞ்சம் ஆள் கூடியிருக்கிறது, அவ்வளவுதான் என்றாள்.

வெர்லின் மனைவி பக்கம் திரும்பினார். திரும்பியதும் எல்லாம் கொட்டிவிட்டது. சந்தை, தார்ப்பாய், சிலந்தி, சாக்கடைக் குழாய் எதையும் விடவில்லை. தங்கை வீட்டுக்குப் போகும் பெட்டியை அவள் எடுக்கப் போகிறாள் என்று எதிர்பார்த்தார்.

நாடீன் பெட்டியை எடுக்கவில்லை. "போனது போகட்டும் வெர்லின்" என்றாள். "இன்னொண்ணு வேணும்னாலும் வாங்கிக்க. ஏரிப் பக்கம் மட்டும் போகாத."

வெர்லினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்தக் கனிவு தாங்கவில்லை. தன்னை அவள் நம்பவில்லை, பொய்யன் என்று முடிவு கட்டிப் பாவம் பார்க்கிறாள் என்று தோன்றியது. முப்பத்தோரு வருடம் கூட வாழ்ந்தவள், வாழ்க்கையில் அவர் சொன்ன அபூர்வமான உண்மையை நம்பாவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

"முங்கிப் பாருங்க" என்றார் ரெனேயிடம். "மூணாவது மிதவை. எல்லாம் அங்க இருக்கு."

"வேணாம்" என்றாள் நாடீன்.

"பாக்கட்டும். நான் நெசத்தைத்தான் சொல்றேன்னு நீ உன் கண்ணால பாக்கணும்."

"நான் நம்புறேன். இப்பச் சொன்னதையும் நம்புறேன், வியாழக்கிழமை சொன்னதையும் நம்புறேன். விட்டுரு."

அவள் மறுக்க மறுக்க அவருக்கு வீம்பு ஏறியது. குழுவுக்குச் சனிக்கிழமை எப்படியும் ஒரு பயிற்சி தேவை, வேறெங்கோ முங்குவதை அங்கே முங்குகிறோம் என்று ரெனே சொல்லிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் மேலீன் வந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாடீனோடு ஒரு மணி நேரம் பேசினாள். பிறகு வெளியே வந்து, மழை வரும்போல் இருக்கிறதே, சனிக்கிழமை வேண்டாமே என்றாள். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

சனிக்கிழமை ஊரே மடக்கு நாற்காலியோடு கரைக்கு வந்துவிட்டது. சர்ச்சுப் பெண்கள் அடுப்பு மூட்டிக் கெளுத்தி மீன் வறுத்தார்கள். நாடீன் வாணலிக்கு முன் நின்றாள், ஆனால் மீன்கள் கருகிக்கொண்டிருந்தன. எது முதலில் மேலே வரும் என்று மூன்று நண்பர்களும் மறுபடி வாதத்தில் இறங்கினார்கள். சிறியது சேற்றில் புதையாது, பிஸ்டல்தான் என்றான் கிளீட். நீளமானது கைக்கு அகப்படும், ரைஃபிள்தான் என்றார் ஆரின்.

ரெனேயும் இன்னொருவனும் முங்கினார்கள். குமிழிகள் வந்தன. பத்து நிமிடம் கழித்துத் தண்ணீரைப் பிளந்துகொண்டு முதலில் மேலே வந்தது பச்சைக் குழாய். கரையில் கைதட்டல் எழுந்தது. யாரோ ஒருவர் வெர்லினின் முதுகில் தட்டினார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது, குழாயை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். அடுத்து ரைஃபிள், அதை அடுத்து இன்னொரு ரைஃபிள், கடைசியில் பிஸ்டல். சொன்னது சொன்னபடி எல்லாம் இருந்தன.

"இப்ப என்ன சொல்ற?" என்றார் நாடீனிடம்.

"நீ சொன்னது அத்தனையும் நெசம்" என்றாள் நாடீன் வேகமாக. பிறகு தண்ணீரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "போதும்மா, எல்லாம் கெடைச்சிருச்சு. மேல வந்து சாப்பிடு."

ரெனே கையை உயர்த்தி, இன்னும் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் கனம் என்று சைகை காட்டிவிட்டு மறுபடி உள்ளே போனாள். இன்னொன்று என்ன என்று ஆரின் வெர்லினைப் பார்த்தார். வெர்லினுக்கும் தெரியவில்லை. மேலீன் கையைத் துடைத்துக்கொண்டு கார் இருக்கும் பக்கமாக நடக்கத் தொடங்கினாள்.

இந்தத் தடவை முதலில் மேலே வந்தவை கொம்புகள். கிளை கிளையாக, பாசி தொங்க, ஏரிக்குள்ளிருந்து ஒரு கலைமான் நடந்து வருவதுபோல் வந்தன. மயிரெல்லாம் போய் மொட்டையான தலைக்கு இரு பக்கமும் இரண்டு இரும்பு எடைகள் வரிந்து கட்டியிருந்தன. ஒரு கொம்பின் நுனி முறிந்திருந்தது. முறிந்த இடத்துக்குக் கீழே ஆரின் படகின் பச்சைப் பெயிண்ட் தடித்த கோடாக ஒட்டியிருந்தது.

வெர்லின் கொம்பைப் பார்த்தார், பெயிண்டைப் பார்த்தார், தோளிலிருந்த லாஞ்சரைப் பார்த்தார். மூன்று வருடம், பன்னிரண்டு துப்பாக்கி, வராத திருடனுக்காக விழித்திருந்த இரவுகள் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போயின. நாடீன் கருகிய மீனைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

டெபுட்டி ரெனே மான் தலையைக் கரையில் இழுத்துப் போட்டு, கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, எடைகளைச் சுற்றியிருந்த மஞ்சள் பட்டையை விரலால் வழித்துப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, நிஜமான மரியாதைதான் இருந்தது.

"மேடம், மூணு வருஷம் தண்ணிக்குள்ள கெடந்தும் பூகூட அழியலையே, இந்தச் சூரியகாந்தி டேப்பை எந்தக் கடையில வாங்குறீங்க?"